நிக்கலஸ் அங்கிள் உடைத்த பென்டிரைவ்

பக்கத்து வீட்டு நிக்கலஸ் அங்கிள் மாக்ரெட்டின் பென்டிரைவை அம்மியில் வைத்துக் குழவியால் ஒரு போடு போட்டார். திருப்தி வரவில்லை போலும், இன்னொன்றும் போட்டார். பிறகு தூளை எல்லாம் கூட்டி அள்ளிக் கக்கூசுக்குள் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

மாக்ரெட் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். திங்கட்கிழமை கம்பஸில் கொடுக்க வேண்டிய புரொஜெக்ற் முழுவதும் அந்தப் பென்டிரைவில்தான் இருந்தது. அதைக் கொடுக்காவிட்டால் அவளுக்குப் பட்டம் இல்லை.

"உங்களுக்கு என்ன விசரா அங்கிள்?"

"எனக்கில்லை, உனக்குத்தான். கொழும்பில, அதுவும் கொட்டாஞ்சேனையில இருந்துகொண்டு துறைமுகத்தைப் பற்றிப் புரொஜெக்ற். உள்ளுக்குத் துறைமுக வரைபடம், கிறேன் படம், கப்பல் வந்துபோற நேரம். 2008ஆம் ஆண்டில ஒரு தமிழ்ப் பிள்ளை வச்சிருக்கிற சாமானா இது? தேயிலை, தேங்காய் எண்டு வேற தலைப்பே கிடைக்கேல்லையோ?"

"சேர் தந்த தலைப்பு. கம்பஸ் கடிதமும் இருக்கு."

"கடிதத்தை வாசிக்க முதல் உன்னை ஜீப்பில ஏத்திப்போடுவாங்கள்."

அடுத்த ஒழுங்கையில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு தொடங்கிவிட்டதாகக் காலையிலேயே செய்தி வந்திருந்தது. அவர் சொன்னதில் பிழை இல்லைத்தான். ஆனால் ஒளித்து வைப்பதை விட்டுவிட்டு இப்படியா?

மாக்ரெட்டின் தாய் டோரின் பொரிந்து தள்ளினாள். "நேற்று வைரஸ் பாக்கவேணும் எண்டு வாங்கிக்கொண்டு போனீங்கள். பாத்த வைரஸ் இதுதானோ அண்ணை?"

இந்த மனிதரிடம் கொடுத்ததே தப்பு. கப்பல் கொம்பனியில் பென்சன் எடுத்தபின் ஒரு கம்பியூட்டர் வாங்கினார். அன்றிலிருந்து அந்த மாடிக் கட்டடத்தில் யாரும் நிம்மதியாகப் படி ஏறியதில்லை. பாண் வாங்கப் போகிறவளையும் மறித்துப் பாடம் நடத்துவார்.

"பிளொப்பி தும்மினாலே பழுதாப் போயிடும். ஹார்ட் டிஸ்க்குக்குள்ள எவ்வளவு போட்டாலும் கொள்ளும், கை தவறிக் கீழ விழுந்தா எல்லாம் போச்சு. பென்டிரைவ் விசேஷம்தான், ஆனா அது விசேஷம் எண்டு ஆமிக்கும் தெரியும். சீடி, காகம் கலைக்கத்தான் சரி."

சொன்னபடியே தன் பல்கனிக் கம்பியில் பழைய சீடிகளை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். காகங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதில் முகம் பார்த்துவிட்டுப் போயின.

ஆமி மாடிக்கு வந்தது. டோரின் வீட்டில் மெத்தை, அலுமாரி, அரிசி வாளி எல்லாம் கவிழ்ந்தன. கம்பியூட்டர், பென்டிரைவ் ஏதும் இருக்கிறதா என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றாள் மாக்ரெட். உண்மையும் அதுதானே. சொல்லும்போதே விம்மி அழுதுவிட்டாள்.

"ஏன் அழுகிறாள்?"

"சோதினை பிழைச்சுப்போச்சு சேர்" என்றாள் டோரின், தனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

அதிகாரி முகம் இளகியது. தன் தங்கையும் பெயில்தான், இப்போது கடை வைத்து நன்றாக இருக்கிறாள் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

அங்கே நிக்கலஸ் அங்கிளின் கம்பியூட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. பல்கனிக்குப் போன ஆமிக்காரன் ஒருவன் தொங்கிய சீடியைத் தட்டிச் சுழற்றினான்.

"மே மொனவத?"

"கபுட்டன்ட, மாத்தயா."

இது என்ன என்று கேட்டால், காகத்துக்காம் என்கிறார் அங்கிள். பக்கத்தில் வந்திருந்த காகமோ கம்பியில் ஆடாமல் அசையாமல் இருந்தது. ஆமிக்காரன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே கீழே இறங்கினான்.

ஜீப் போன சத்தம் அடங்கியதும் தாயும் மகளும் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

"இனி எங்கட வாசல் மிதிக்காதைங்கோ. ஒரு பிள்ளையின்ர படிப்பை நாசமாக்கிப்போட்டீங்கள்" என்றாள் டோரின்.

"சரி, மிதிக்கேல்லை" என்றார் அவர். "போக முதல் அந்தக் கரையில தொங்கிற சீடியைக் கழட்டிக்கொண்டு போ மகள். உன்ர புரொஜெக்ற் முழுக்க அதிலதான் இருக்கு. காகம் எச்சம் போட்டிருக்கு, துடைச்சுப்போட்டுப் பாவிச்சுக்கொள்."

மாக்ரெட் சீடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் அங்கிள் முதலே சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா, அந்தாள் கேட்டதுக்கு உன்ர முகம் மறுமொழி சொல்லியிருக்கும்."

டோரின் மகளின் கையிலிருந்த சீடியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணை, இதைக் கண்டுபிடிச்சிருந்தா?"

"பல்கனி என்ரதுதானே, டோரின்."