சின்னப்பிள்ளையின் குதிகால்

திருமயம் பக்கத்துக் கண்மாயில் நூறு நாள் வேலை. வருகைப் பதிவுக்கான இரண்டாவது படத்துக்கு நின்றுவிட்டு எல்லோரும் மண்வெட்டியோடு கிளம்பினார்கள். சின்னப்பிள்ளைக்கு எழ மனம் வரவில்லை. வெடித்துக் கிடந்த தரையிலேயே உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். குதிகாலில் பித்தவெடிப்பு. ஒவ்வொரு வருசமும் இப்படித்தான்.

வருகைப் படம் எடுக்கும் வைஷ்ணவி பக்கத்தில் வந்து குந்தினாள்.

“காட்டுங்கத்தை. மருந்துக்கடையில காட்டி ஆயின்மென்ட் வாங்கியாரேன்.”

குதிகாலைப் போனில் படம் பிடித்து, விரலால் பெரிதாக்கினாள். வெடிப்பு கிளை விட்டிருந்தது. கிளையும் கிளை விட்டிருந்தது. எவ்வளவு பெரிதாக்கினாலும் முதலில் பார்த்த வெடிப்பே திரும்பத் திரும்ப வந்தது.

“நம்ம கம்மா மாதிரியே இருக்குங்கத்தை.”

இன்னும் பெரிதாக்கினாள். ஓரத்தில் மண்வெட்டியோடு கரையேறும் ஆட்கள் தெரிந்தார்கள். நடுவில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் மடியில் அவள் கால் இருந்தது. மற்றவள் குனிந்து கையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைஷ்ணவி போனை நீட்டினாள். சின்னப்பிள்ளை பார்த்தாள். தரையில் ஊன்றப்போன காலை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

“எந்திரிங்கத்தை, போயிருவோம்.”

“கொஞ்சம் பொறு ஆத்தா. பாவம், கால்ல இருக்குற இவுகள்லாம் வீடு போய்ச் சேரட்டும்.”

கரைக்கு அப்பால் சுள்ளென்று வெயில் அடித்தது. கண்மாய்க்குள் மட்டும் நிழல் விழுந்து, அசையாமல் நின்றது. இருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.