நிறைந்த சட்டி

மலையூருக்கு மாற்றலாகி வந்த முதல் பனிக்காலத்திலேயே பக்கத்து வீட்டு ஆக்னஸின் ஏழு கோழிகள் ஞானதுரையின் பொறுப்புக்கு வந்தன. அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக அவள் கீழே போயிருந்தாள். முதல் நாள் சட்டி நிறையத் தண்ணீர் ஊற்றினார். அடுத்த இரண்டு நாளும் வேலைக்குப் போகும் அவசரத்தில், வேலிக்கு இப்பால் நின்றே தீனியை வீசிவிட்டு எட்டிப் பார்த்தார். சுவர் நிழலில் சட்டி தளும்பப் பளபளத்தது.

"வச்ச தண்ணி வச்சபடியே இருக்கும்மா. உங்க கோழிங்க தண்ணியே குடிக்க மாட்டேங்குதுங்க" என்று போனில் சிரிக்கவும் செய்தார்.

மறுநாள் காலையில் திரும்பி வந்த ஆக்னஸ், பையைக்கூட இறக்கி வைக்காமல் சட்டியை எடுத்துக் கவிழ்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை. தண்ணீர் கல்லாய் உறைந்திருந்தது. அதன் மேலெங்கும் அலகால் கொத்திய கீறல்கள். மூலையில் கிடந்த ஒரு கோழி எழுந்திருக்கவேயில்லை.

"கீழேர்ந்து வந்தவங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நான்தாண்ணே சொல்லிட்டுப் போயிருக்கணும்" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஞானதுரை வெந்நீரை விளாவி வைத்ததும் மற்ற ஆறும் முண்டியடித்து ஓடி வந்தன. ஒவ்வொரு மடக்குக்கும் தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்தன.