முழு டேங்க்

"டேங்க் நிரப்பினா நிக்காம எவ்வளவு தூரம் போகும்?"

"எழுநூறு கிலோமீட்டர் சார்" என்றான் ஷோரூம் விற்பனையாளன்.

"நூத்தியிருபதுல ஆடுமா?"

"தண்டவாளத்துல போற மாதிரி இருக்கும். ஆனா இது குடும்ப வண்டி சார், பந்தயத்துக்கு இல்ல!"

சிரிக்காமல் அந்த எஸ்யூவியை வாங்கிப் போனவர், மறுவாரமே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி தம்பி. அவ அம்மா தவறினதுல இருந்து என் பொண்ணு வீட்ல வாயே திறக்கல. ஓடுற வண்டியில மட்டும்தான் பேசுவா. பழைய வண்டி ஆடினா பயத்துல பேச்சு நின்னுடும். பெட்ரோலுக்கு நிறுத்தினாலும் போச்சு."

வாசலில் இன்ஜின் அணைந்து நின்ற வண்டியின் கதவு திறந்தது.

"அப்பா! பாதிக் கதையில விட்டுட்டு அங்க என்ன பண்றீங்க?"