மறதிக்காரர்

துப்பாக்கியின் ஹேமர் விழவில்லை.

மறுபடி அழுத்தினாள். விசை மட்டும் தொளதொளவென்று உள்ளே போய் வந்தது.

எங்கேயோ பிசகிவிட்டது.

ஸ்லைடைக் கழற்றினாள். ஸ்பிரிங்கை எடுத்தாள். குழலை எடுத்தாள். ஒவ்வொன்றாகத் துணியில் பரப்பிப் பார்த்தாள். எதுவும் குறையவில்லை. கழற்றிய வரிசைக்குத் தலைகீழாகப் பூட்டிக்கொண்டே வந்தாள். அழுத்தினாள்.

விழவில்லை.

இன்றைக்குத்தான் முதல்முறையாக ஆளுக்கொரு துப்பாக்கி. போலீஸ் பயிற்சிப் பள்ளிக் கொட்டகையில் மற்ற பெண்கள் முடித்துவிட்டார்கள். மேசைக்கு மேசை டக், டக் என்று கேட்டது. நாளைக்குத் தேர்வு. ஏழு வயதுப் பிள்ளையைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்து, இருபது வயதுப் பெண்களோடு ஓடி, கயிறு ஏறி, கடைசியில் இந்த இரும்புத் துண்டிடம் தோற்பதா?

அவள் கணவரைக் கொன்றதும் இந்த ரகத் துப்பாக்கிதான்.

அவர் ஆயுதப்படையில், ஆயுதக் கிடங்கில் இருந்தார். பதினோரு வருஷமாகத் துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்து மாட்டுகிற வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, துடைக்கும்போது வெடித்துவிட்டது.

சத்தம் கேட்டு முதலில் உள்ளே ஓடியவர் எஸ்.ஐ. தணிகாசலம். ஆஸ்பத்திரி வாசலில் அவளிடம் சொன்னவரும் அவர்தான்.

“தோட்டா அடைக்கிற மேகசினக் கழட்டி மேசைல வச்சிருக்கான்மா. குழலுக்குள்ள ஒரு ரவுண்டு தோட்டா நின்னுருக்கு. அத மறந்துட்டு அழுத்திட்டான்.”

விசாரணைக்கு வந்தவர்களும் அதையே எழுதிக்கொண்டு போனார்கள்.

மறந்துட்டான்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு வருஷம் எழுந்து நடமாடினாள். மனுஷன் அப்படிப்பட்ட ஆள்தானே. உப்பு வாங்கிவரச் சொன்னால் புளியோடு வந்து நிற்பார். பிள்ளையை அழைத்துவரப் பள்ளிக்கூடம் போய், வாட்ச்மேனோடு ஊர்க்கதை பேசிவிட்டு, பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். அன்றைக்குக் காலையிலும் டிபன் கேரியரை அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார். அவள் கேரியரும் கையுமாக வாசலுக்கு ஓடிவந்து கூப்பிட்டாள். தெருமுனையில் பைக்கை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். கை காட்டினார். போய்விட்டார்.

காதில் விழவில்லை போல, என்று நினைத்தாள்.

அந்த மறதியைத் திட்டாத நாளில்லை. படத்துக்குப் பூ வைத்துக்கொண்டே திட்டுவாள். திட்டத் திட்ட அவர் பக்கத்து அறையில் இருப்பதுபோல இருக்கும். பிள்ளைக்கும் அதையே சொல்லி வளர்த்தாள். அப்பா மறதிக்காரர் பாப்பா. பென்சிலைத் தொலைத்துவிட்டு வந்தால்கூட, நான் அப்பா மாதிரி என்று அது சிரிக்கும்.

தணிகாசலம் இப்போது இந்தப் பயிற்சிப் பள்ளியில் ஆயுத வகுப்பு எடுக்கிறார். தெரிந்த முகம் என்று முதல் நாள் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அவர்தான் அவள் மேசைப் பக்கம் அதிகம் வருவதில்லை.

வேறு வழியில்லை. கையைத் தூக்கினாள்.

“ஐயா, எல்லாம் சரியாத்தான் மாட்டியிருக்கேன். ஹேமர் விழ மாட்டேங்குது.”

வந்தார். நெற்றியில் கிடந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டார். துப்பாக்கியை வாங்கி, பிடியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. மேகசின், காலியாக, எண்ணெய்ப் புட்டிக்குப் பின்னால் கிடந்தது. அதைப் போட மறந்திருந்தாள்.

எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேருக்குச் சொன்ன பாடம். தானாக வாயில் வந்தது.

“மேகசின் போடாம அழுத்துனா இது அடிக்காதும்மா. செஞ்சவனே அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கான்.”

சொன்ன பிறகுதான், யாரிடம் சொன்னோம் என்று பார்த்தார்.

அவளும் அவரைப் பார்த்தாள்.

பக்கத்து மேசையில் ஒருத்தி அழுத்தினாள். டக்.

தணிகாசலம் மேகசினை எடுத்து நீட்டினார். அன்றைக்கு வெடித்தபோது மேகசின் உள்ளேதான் இருந்திருக்கும். முதலில் கதவைத் திறந்த இந்தக் கைதான் அதைக் கழற்றி, மறதியாகத் தெரியட்டும் என்று மேசையில் வைத்திருக்க வேண்டும். அவளுக்காக. பிள்ளைக்காக. விசாரிக்க வந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். துப்பாக்கி தொட்ட அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு வருஷமாகத் தெரியாதவள் அவள் ஒருத்திதான்.

வாங்கி உள்ளே தள்ளினாள். பூட்டிக்கொண்டது. துப்பாக்கியின் வாயைக் கூரைப்பக்கம் தூக்கிப் பிடித்து அழுத்தினாள்.

விழுந்தது.

“சரிம்மா,” என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் பத்து நிமிஷம் போன் பேச விடுவார்கள். வரிசையில் நின்று, கடைசியாகப் பேசினாள்.

எடுத்ததுமே குழந்தை மூச்சுவிடாமல் ஆரம்பித்தது. இன்றைக்குச் சாப்பாட்டுப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டதாம். சித்திதான் பின்னாலேயே ஓடிவந்து கொடுத்ததாம்.

“நான் அப்பா மாதிரியேம்மா,” என்று சிரித்தது.

அவளுக்குத் தெருமுனை தெரிந்தது. பைக்கை நிறுத்துகிறார். திரும்புகிறார். அவள் கையில் இருக்கும் கேரியரைப் பார்க்கிறார்.

“அம்மா? லைன்ல இருக்கியா?”

சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“பாப்பா,” என்றாள். “நெசமாவே மறந்துதான் போனியா?”