குனிந்தால் சிந்தும்

துறைமுக அலுவலகத்தில் வேலை பார்க்கும் வேல்விழிக்கு, மருந்துக்கடை ராஜதுரை தாய்ப்பால் பம்பை உற்சாகமாக விளக்கினார்.

“கையால அமுக்குற பம்புல ஒரு கை மாட்டிக்கிடும். இதைச் சட்டைக்குள்ள வச்சிட்டா மோட்டாரே உறிஞ்சிக் கிண்ணத்தில சேர்த்திரும். ரெண்டு கையும் சும்மா கெடக்கும். நீ பாட்டுக்குக் கம்ப்யூட்டர் தட்டலாம்மா!”

“குனிஞ்சா சிந்துமா அண்ணாச்சி?”

“சிந்தும். நிமிர்ந்துதான் உக்காரணும்.”

“சிந்தாதது இருக்கா?”

“ஆபீஸ்ல எதுக்கும்மா குனியணும்? மேனேஜர் கால்ல விழவா?”

“ஆபீசுக்கு இல்ல அண்ணாச்சி. பிள்ள ஏழாம் மாசத்திலேயே பொறந்துட்டான். ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடக்கான். என்னை உள்ள விடுறதே கொஞ்ச நேரந்தான். அதுக்குள்ள பாலும் எடுக்கணும். குனிஞ்சு, பெட்டியில இருக்க ரெண்டு ஓட்டை வழியா ரெண்டு கையையும் விட்டு அவனையும் பிடிக்கணும்.”

ராஜதுரை அலமாரியிலிருந்த பெட்டிகளையெல்லாம் இறக்கி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார்.

குனியக் கூடாது என்றே எல்லாவற்றிலும் போட்டிருந்தது.