மூன்றாவது பொட்டலம்

"இந்தக் காலத்து ஆளுக கண்ணெல்லாம் கண்ணா? கொள்ளிக்கட்ட! அடுத்தவன் ஒரு வாய் நல்லாத் தின்னாப் போதும், இவனுகளுக்கு வயிறு எரிஞ்சுருது."

சுருளி சோபாவின் நுனியில் உட்கார்ந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஆனையூரில் மகன் கட்டிய புது வீடு. அந்தச் சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

உள்ளே பேரன் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். தவழக்கூட ஆரம்பிக்காத பிள்ளை. நாலைந்து நாளாகப் பாலை வாயில் வைத்தாலே முகத்தைத் திருப்புகிறது. உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. காளவாசல் டாக்டர் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, சரியாயிரும்" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார்.

"ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்குய்யா மருந்து? அவனும் கள்ளப்பய."

"அவரு பெரிய டாக்டரு மாமா." மருமகள் முத்துமீனா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

சுருளி பேரனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏசி ரூமென்ன, வெந்நிக் குளியலென்ன! என்னைய மேலூர் வயக்காட்டுல வேப்பமரத்துல தூளி கட்டிப் போட்டுட்டுப் போயிருவாக. எறும்பு கடிச்சாலும் ஏன்னு கேக்க ஆளில்ல. இந்தத் தொரைக்கு எம்புட்டு வசதி இருந்தும் அழுக நிக்கலன்னா, எவனோ கண்ணு வச்சுட்டான்னு அர்த்தம்."

பிள்ளை இன்னும் உரக்க வீறிட்டது.

"எதுத்த வீட்டு பீமாராவ் அன்னைக்கு 'என்னா கலரு, என்னா கலரு'ன்னு கன்னத்தக் கிள்ளுனான். பக்கத்து வீட்டு நாகூர் கனி பிரியாணி கொண்டாந்த சாக்குல தூக்கிக் கொஞ்சிட்டுப் போனான்."

"அவரு மாஷா அல்லான்னு சொல்லிட்டுத்தான் தூக்குனாரு மாமா. கண்ணு படக் கூடாதுன்னுதான் அப்படிச் சொல்லுவாங்களாம்."

"சொல்லிட்டு வைக்கிறவன்தான் வெவரமான ஆளு. நீ சின்னப் பிள்ள, உனக்குத் தெரியாது."

ஆகவேதான் மனைவி மலையம்மாளைக் காலடி மண் எடுத்துவர அனுப்பியிருந்தார். சந்தேகப்படும் ஆளின் காலடி மண்ணை உப்போடும் மிளகாய் வத்தலோடும் சேர்த்து, பிள்ளைக்குச் சுற்றி நெருப்பில் போட வேண்டும். அந்த ஆள் கண் வைக்கவில்லை என்றால் வத்தல் நெடி வீட்டையே தூக்கும். கண் வைத்தவர் என்றால் துளி நெடியும் வராது. டாக்டர், பேங்க், பால்காரர் என்று எவரையும் நம்பாத சுருளி, இந்த ஒன்றை மட்டும் நம்பினார்.

மலையம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து மூன்று பொட்டலங்களை வைத்தாள்.

"தெரு முச்சூடும் கல்லப் பதிச்சுட்டாங்ய. மண்ணுக்கு நாயா அலைஞ்சேன்."

"ரெண்டு பேரத்தானடி சொன்னேன்? இது யாருது?"

"எனக்கும் ஒரு ஆளு மேல சந்தேகம்."

"யாரு, மாடியில குடியிருக்கிற ஸ்வப்னாவா?"

"மொதல்ல எரியட்டும். அப்பறம் சொல்றேன்."

"அப்படிப் போடு! என்கூட இருந்து இருந்து உனக்கும் கொஞ்சம் புத்தி வந்துருச்சு."

தூபக்காலில் கரி கனிந்தது. மலையம்மாள் பீமாராவின் மண்ணைப் பிள்ளைக்குச் சுற்றினாள். முத்துமீனா பிள்ளையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பொட்டலம் நெருப்பில் விழுந்ததுதான் தாமதம், நெடி ஏறி சுருளியும் மலையம்மாளும் இருமித் தள்ளிவிட்டார்கள்.

"தப்பிச்சுட்டான்" என்றார் சுருளி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நாகூர் கனியின் மண்ணுக்கு நெடி இன்னும் அதிகம். மலையம்மாள் ஜன்னலைத் திறக்க ஓடினாள். சுருளியின் முகம் தொங்கிப்போனது.

"இவனாத்தான் இருக்கும்னு நெனச்சேனே."

நெடி அடங்கியபின் மூன்றாவது பொட்டலம். மலையம்மாள் அறைக்குள் போய்ப் பிள்ளைக்கு நிதானமாகச் சுற்றிவிட்டு வந்தாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். நெருப்பில் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது. வத்தல் கருகிச் சுருண்டது.

இருமல் இல்லை. தும்மல் இல்லை. சுருளி மூக்கை நீட்டி மோந்து பார்த்தார். ஊதுபத்தி அளவுக்குக்கூட வாசனை வரவில்லை. முத்துமீனா அழுகிற பிள்ளையோடு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

சுருளி தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"சிக்கிட்டான் பாத்தியா! அடேயப்பா, என்னா கண்ணுடா சாமி! பச்சப் பிள்ள சொகமா இருக்கறதப் பொறுக்கலையே, அவனெல்லாம் ஒரு மனுசனா? யாருன்னு சொல்லுடி. கூடப் பொறந்தவனா இருந்தாலும் சரி, இனி அந்த மூஞ்சி இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது. பிள்ளைய அவன் கண்ணுலயே காட்டக் கூடாது. கேட்டுக்க முத்துமீனா!"

முத்துமீனா தரையைப் பார்த்தாள்.

மலையம்மாள் கரியைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "உங்க செருப்புல இருந்து சுரண்டுனதுங்க."

சுருளி வாசலுக்குப் போய்ச் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகம் துடைத்தெடுத்த மாதிரி இருந்தது.

"வத்தல் பழசு. கடக்காரன் ஏமாத்திட்டான்."

"மூணுக்கும் ஒரே வத்தல்தான்."

அவர் காதில் வாங்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். கேட்டைத் தாண்டியதுமே உள்ளே பேரனின் அழுகை நின்றது. "அத்தை, குடிக்கிறான் அத்தை!" என்று முத்துமீனா கூவியது தெருவரைக்கும் கேட்டது.

"பல்லுகூட மொளைக்கல, அதுக்குள்ள என்னா நடிப்பு!" என்றபடி சுருளி பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடையைக் கட்டினார்.