சிம் இல்லாத போன்

துளசிங்கம் அந்த போனைத் தொடமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

பழைய பட்டன் போன். சிம் கிடையாது, பேட்டரியும் கிடையாது. பட்டணத்திலிருந்து சோதனை நடத்த வந்திருந்த மோகனப்பிரியா அதை மூன்றாவது தடவையாக அவன் பக்கம் தள்ளினாள். டாக்டருக்கு போன் போட்டு, செவ்வாய்க்கிழமை வர முடியாது, வேறு நாள் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்பதுபோல நடித்தால் போதும். ஐந்து மதிப்பெண்.

அவனுடைய அக்கா பச்சையம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு வாரமாக அவள் அலைந்த அலைச்சல் தோணிரேவு ஊர் முழுக்கத் தெரியும். தம்பிக்கு முடி வெட்டி, சட்டையைத் தேய்த்து, பஸ் நேரம் ஒப்பிக்கவைத்தாள்; பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்புகிறவள்கூட அப்படிப் பறக்கமாட்டாள். எதிர்வீட்டு அர்ச்சனாவுக்குத் தெரியாமல் செய்ததாக அவளுக்கு நினைப்பு. அர்ச்சனா அரைமணி நேரமாக வாசலில் மீன்கூடையோடு நிற்கிறாள். கூடையில் ஒன்றுமில்லை.

விஷயம் இதுதான். ஏரியில் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊரில் சீட்டு எடுப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். துளசிங்கத்தின் பெயரை ஆறு வருஷத்துக்கு முன்பே சீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஏரியோடு போய்விட்ட அவர்கள் அப்பா, நைனா, செத்த பிறகும் அவனுடைய இடது காதில் வந்து பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நாள் நைனா கூப்பிடுகிறார் என்று முகத்துவாரத்து இழுப்பில் படகிலிருந்து இறங்கிவிட்டான். கூட இருந்தவர்கள் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிப் போட்டார்கள். அதற்குப் பிறகு யார் அவனோடு படகில் ஏறுவார்கள்?

மருந்தில் நைனா அடங்கிவிட்டார். நாலு வருஷமாகச் சத்தமில்லை. ஊர்ப் பெரியவர் மாசிலாமணிதான் அடங்கவில்லை. தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வான் என்று டாக்டர் தாள் தரட்டும், ஞாயிற்றுக்கிழமை சீட்டில் பெயரைச் சேர்க்கிறேன் என்றுவிட்டார்.

அந்தத் தாளுக்குத்தான் இந்தப் பரீட்சை.

பரீட்சை வெளிநாட்டில் உண்டானதாம். அங்கே செக் எழுதச் சொல்வார்களாம், மிருகக்காட்சி சாலைக்குப் போகத் திட்டம் போடச் சொல்வார்களாம். அதையெல்லாம் நம் மனிதர்களுக்குத் தகுந்தமாதிரி தானே உட்கார்ந்து மாற்றியதாக மோகனப்பிரியா வந்ததும் வராததுமாகச் சொன்னாள். அந்தப் பெருமை பத்து நிமிஷம் தாங்கவில்லை.

மீன்குழம்பு வைக்கக் கடையில் என்னென்ன வாங்க வேண்டும் என்று கேள்வி. புளி, மிளகாய்த்தூள், தக்காளி, பூண்டு எல்லாம் சொன்னான். மீனைச் சொல்லவில்லை. இரண்டு மதிப்பெண் போயிற்று.

"மீனைக் காசு குடுத்து வாங்கறவனுக்குத்தான் இந்த ஊர்ல பைத்தியம்னு பேரு. அவனுக்கு இன்னா மார்க்கு போடுவீங்க மேடம்?" என்றாள் பச்சையம்மா.

மோகனப்பிரியா அதையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். மதிப்பெண்ணை மாற்றவில்லை. மாற்ற அவளுக்கு அதிகாரமில்லையாம். அடுத்த முறை கேள்வியையே சரிசெய்துவிடுவார்களாம்.

பத்து மணிக்குப் பொன்னேரியில் இருக்க எந்த பஸ் என்றதற்கு, அவள் காட்டிய நேர அட்டையில் போட்டிருக்கும் எட்டரை பஸ் ஒரு நாளும் எட்டரைக்கு வந்ததில்லை, ஏழரை பஸ்ஸைத்தான் பிடிப்பேன் என்றான். வாசலில் அர்ச்சனாகூடத் தலையாட்டினாள். அதற்கும் பாதிதான்.

எல்லாம் கூட்டிப் பார்த்ததில் தேற இன்னும் நாலு வேண்டும். மிச்சம் இருப்பது போன்.

"யாரும் இல்லாத எடத்துல பேசக்கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிக் குடுத்தாங்க," என்றான் துளசிங்கம். "இதுல யாரும் இல்லியே."

சொன்னதில் என்ன தப்பு? மோகனப்பிரியா பேனாவை மூடினாள், திறந்தாள். விதிப்படி இன்னும் ஒரே ஒரு தடவைதான் சொல்லலாம், மறுத்தால் சைபர் என்றாள்.

பச்சையம்மா தம்பியின் முன்னால் போய்க் குந்தினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொள் என்றாள். அந்தப் பக்கம் ஆள் இருக்கிறமாதிரி நினைத்து நாலு வார்த்தை பேசிவிடு, அக்காவுக்காக என்றாள்.

அவன் அவளையே பார்த்தான். பிறகு போனை எடுத்து வலது காதில் வைத்தான்.

பேசினான். என்ன அழகாகப் பேசினான்! செவ்வாய்க்கிழமை வர முடியாது என்றான். அந்தப் பக்கம் பேசி முடிக்கும்வரை காத்திருந்தான். சரி, சரி என்றான். அங்கே ரொம்பக் குளிருகிறதா என்று விசாரித்தான். ஆஸ்பத்திரி ஏசியைத்தான் கேட்கிறான் என்று மோகனப்பிரியா எடுத்துக்கொண்டாள். ஓரிடத்தில் சிரித்தான். மருந்து ஆரம்பித்த நாளிலிருந்து அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

மோகனப்பிரியாவின் பேனா ஓடியது. இத்தனை பேரில் ஒருத்தர்கூட எதிர்முனைக்கு இவ்வளவு இடம்விட்டுப் பேசியதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அர்ச்சனா கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

பச்சையம்மா அவன் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் வலது காதில் இருந்தது. தலை, பழையபடி, இடது பக்கம் சாய்ந்திருந்தது.

அவன் போனை அவளிடம் நீட்டினான்.

"அக்கா, உன்னாண்ட பேசணுமாம்."

ஐந்தைப் போடப் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு, வாங்குங்கள் என்று மோகனப்பிரியா சிரித்தாள்.

பச்சையம்மா வாசலைப் பார்த்தாள். போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க டாக்டர்," என்றாள், எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி.